உரியாவின் கையில் ஒரு கடிதம்



  

இந்த மாதச் செய்திக்கு ஆதாரம் 2 சாமுவேல் 11-ம் அதிகாரம். தயவுசெய்து வேதத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுவதும் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு இதை வாசியுங்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன்

கொஞ்ச நாளைக்கு முன்னே ராத்திரி பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு சகோதரி. நம்முடைய ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லி வளர்ந்த பிள்ளை. அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்; பேரும் ஊரும் வேண்டாம்.

அவள் கணவரும் தமிழ்ப் பிள்ளைதான். படிக்கப் போன இடத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். அந்த தேசத்து ராணுவம் 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை இல்லாதவர்களிலும் சில மொழிகள் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. 2016-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த வாசல் வழியாய்ப் போனவர் இவர். இப்போது ஒன்பது மாதப் பணிக்காக குவைத்தில் இருக்கிறார். இவளோ டெக்சாஸில் நாலு வயது பிள்ளையோடு தனியாக.

"பாஸ்டர், வக்கீல் டைவர்ஸ் பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் அங்க இருக்கும்போதே அனுப்பிடலாமா? நேர்ல வந்துட்டா என்னால சொல்ல முடியாது பாஸ்டர்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மல்கியா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னேன். "தேவனுக்குப் பிரியமில்லாத காரியம்மா, பொறுமையா இரு, ஜெபம் பண்ணு" என்றேன். நானும் ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு போனை வைத்துவிட்டேன். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீதிமொழிகள் 18:13 என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு காரியத்தை முழுசாய்க் கேட்கிறதற்கு முன்னே பதில் சொல்லுகிறவனைப் பற்றி சாலொமோன் என்ன சொல்லியிருக்கிறான்? அந்த மனுஷன் நான்தான். நாற்பது வருஷ ஊழியம். ஒரு பிள்ளையின் கண்ணீரைக் கேட்க நேரமில்லை! மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். "அம்மா, நேத்து நான் கேக்கவே இல்ல. இப்போ சொல்லு" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள்.

இது அவருடைய இரண்டாவது பயணம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை. வாரத்துக்கு ஒருநாள் அவர் பேசுகிறார். பேசுவதும் வீட்டு வாடகை, கார் கடன். போகும்போது ஒரு பவர் பத்திரத்தைக் கையில் கொடுத்து, எதற்கெதற்குப் பணம் கட்டணும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துப் போனார். "என்னை அவர் ஒரு மேனேஜரா வச்சுட்டுப் போயிருக்கார் பாஸ்டர்" என்றாள். இதற்கு நடுவே இன்னொரு சிப்பாயின் மனைவி வந்து, அவரையும் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணையும் இணைத்து ஏதோ சொல்லியிருக்கிறாள்.

பிரியமானவர்களே, இந்தப் பிள்ளையைக் கல்லெறிய என் கையில் கல் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லியாக வேண்டும். அவர் தூரத்தில் இருக்கும்போதே அனுப்பிவிடலாமா? அந்தக் கேள்வியோடுதான் நான் உரியாவிடம் போனேன்.

தன் மரணத்தைத் தானே சுமந்துபோன சிப்பாய்

உரியா யார்? ஏத்தியன். இஸ்ரவேலின் தேவனை நம்பி வந்த அந்நிய ஜாதியான். தாவீதின் பராக்கிரமசாலிகள் முப்பத்தேழு பேரின் பட்டியலில் கடைசிப் பேர் அவனுடையது (2 சாமுவேல் 23:39). அம்மோனியரின் தேசத்தில் ரப்பா பட்டணத்தைச் சுற்றி முற்றிக்கை போட்ட சேனையில் அவன் இருந்தான். வீடு எருசலேமில். வீட்டில் மனைவி.

நான் பத்சேபாளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அழைத்தனுப்பியது ராஜா, அந்தக் காலத்தில் ராஜா அழைத்தால் யார் மறுக்க முடியும்? நான் காட்ட விரும்புவது வேறு ஒன்று. அந்த அதிகாரத்தில் உரியாவின் வீட்டைப் பற்றி, அவன் மனைவியைப் பற்றி, அவன் உயிரைப் பற்றி எல்லாம் தீர்மானமாகிறது. ஒன்றுகூட உரியாவுக்குத் தெரியாது. அரண்மனை வேலைக்காரருக்குத் தெரியும். தூதுபோனவர்களுக்குத் தெரியும். கடைசியில் யோவாபுக்கும் தெரிந்தது. தெரியாதவன் ஒருவன்தான். யாருடைய வாழ்க்கையோ அவன்தான்!

14-ம் வசனத்தைப் பாருங்கள். தாவீது ஒரு கடிதம் எழுதினான். யார் கையில் கொடுத்தான்? உரியாவின் கையிலேயே. அவனைச் சாகவிடச் சொல்லும் கடிதத்தை அவனே சுமந்துகொண்டு போனான். பிரித்துப் பார்க்கவில்லை. ராஜா கொடுத்தார் என்று நம்பிப் போனான்.

இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே அமெரிக்கச் சிப்பாய்கள் ஒருவகைக் கடிதத்துக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்: "டியர் ஜான்" கடிதம். ஊரில் இருக்கிறவள், எல்லாம் முடிந்தது என்று எழுதியனுப்பும் கடிதம். எத்தனை பேர் அதை ஆசையாய்ப் பிரித்திருப்பார்கள்! இன்றைக்குக் கடிதம் போய், போனில் இரண்டு வரி வந்துவிட்டது. ஆனால் கூடாரத்தில், துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியை வாசிக்கிறவனின் ராத்திரி மாறவில்லை. ராணுவத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிடும் அறிக்கைகளில், உறவு முறிவு திரும்பத் திரும்ப ஒரு காரணமாய் வருகிறது.

பேப்பர் சரி, ஆனால்?

யூதர்களின் பாபிலோனிய தால்மூதில் ஒரு செய்தி உண்டு. தாவீதின் சேனையில் யுத்தத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். ஏன்? அவன் திரும்பி வராமல், செத்தானா இருக்கிறானா என்றும் தெரியாமல் போனால், அவள் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்கக்கூடாதே என்பதற்காக. நல்ல எண்ணத்தோடு ஏற்பட்ட வழக்கம்தான். ஆனால் இதை வைத்தே சில ரபீக்கள் தாவீதுக்காக வாதாடினார்கள். பத்சேபாள் கையில் சீட்டு இருந்ததே, சட்டப்படி அவள் பிறன் மனைவி இல்லையே என்று.

நம்முடைய வேதத்தில் அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது, "சீட்டு இருக்கிறதா, காட்டு" என்றா கேட்டார்? இல்லை. ஒரு ஏழையையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொன்னார். பேப்பர் சரியாக இருக்கலாம், முத்திரை சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஏழை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து நடந்ததே, அதுதான் கர்த்தரின் கண்ணுக்குப் பொல்லாப்பாய் இருந்தது. வாய் திறந்து கேட்க முடியாதவனுக்காக கர்த்தரே வழக்குப் பேச எழுந்தார். அல்லேலூயா!

முகமுகமாய்

நம்முடைய தேவன் ஒரு முறையை வைத்திருக்கிறார். மத்தேயு 18:15-ல், உன் சகோதரன் தவறு செய்தால் முதலில் எங்கே போகச் சொல்கிறார் இயேசு? வக்கீலிடம் அல்ல, பக்கத்து வீட்டில் அல்ல, சபையிலும் அல்ல. அவனிடத்தில், தனியாக. யோவான் 7:51-ல் நிக்கொதேமு பரிசேயரைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் இதுதான்: ஒருவன் வாயிலிருந்து கேட்காமல் எப்படித் தீர்ப்பு? அப்போஸ்தலர் 25:16-ல் பெஸ்து என்கிற புறஜாதி அதிபதிகூட, குற்றம் சாட்டினவர்களைப் பவுல் முகமுகமாய்ப் பார்த்துப் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், அதுவே ரோமருடைய வழக்கம் என்றான்.

இப்போது அமெரிக்க தேசத்துச் சட்டத்தைக் கொஞ்சம் கேளுங்கள். 1918-ல் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1940-ல் மறுபடியும் போட்டார்கள். 2003-ல் அதைப் புதுப்பித்து, ராணுவப் பணியாளர் உரிமையியல் நிவாரணச் சட்டம் என்று கொண்டுவந்தார்கள். கணவனோ மனைவியோ ராணுவப் பணியில் இருக்கும்போது வழக்குப் போட்டு, எதிராளி வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்க நினைத்தால் சுலபமில்லை. எதிராளி ராணுவத்தில் இருக்கிறாரா இல்லையா என்று முதலில் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் ஒரு வருஷம் வரை சிறை. அவர் ராணுவத்தில் இருந்தால், அவருக்கென்று ஒரு வக்கீலை நியமிக்காமல் நீதிமன்றம் தீர்ப்பு எழுதக்கூடாது. "என்னால் இப்போது வர முடியாது, இந்தத் தேதிக்கு மேல் வருவேன்" என்று அவரும், "பணி நிமித்தம் விடுப்பு கொடுக்க முடியாது" என்று அவருடைய அதிகாரியும் எழுதிக் கொடுத்தால், குறைந்தது 90 நாள் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் தீர்ப்பு ஆகிவிட்டாலும், அவர் பக்கம் நியாயம் இருந்தால், பணி முடிந்து 90 நாளுக்குள் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். 2014-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: வெளிநாட்டுப் பணிக்குப் போனார் என்பதை மட்டுமே காரணமாக வைத்து, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை நிரந்தரமாய் மாற்றக்கூடாது.

கவனியுங்கள். இந்தச் சட்டம் விவாகரத்தைத் தடுக்கவில்லை. அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வழக்கு நடக்கும். அது கேட்கிறதெல்லாம் ஒன்றுதான்: ஆளைக் கேட்காமல் முடிக்காதே. நம்முடைய தேசத்திலும் 1925-லேயே சிப்பாய்களின் வழக்குகளுக்கென்று இப்படி ஒரு சட்டம் வந்தது. யுத்தமுனையிலோ கடல் கடந்தோ சேவை செய்கிற சிப்பாய் வர முடியாமல், அவனுக்காக ஆஜராக ஆளும் இல்லாமல் இருந்தால் வழக்கை நிறுத்திவை என்கிறது. உலகத்து நீதிமன்றமே தூரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு நாற்காலியைக் காலியாய்ப் போட்டு வைக்கிறது. விசுவாசியின் வீட்டில் அந்த நாற்காலியை எடுத்துப் போடலாமா?

தூரம் வேறு, கைவிடுதல் வேறு

என் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். 1961-ல் ஐக்கிய நாடுகள் சபைக்காக இந்திய ராணுவம் ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்துக்கு ஒரு பிரிகேடை அனுப்பியது. அப்பா அதில் போனார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கடுதாசி வந்தால் உபதேசியார்தான் வாசித்துக் காட்டுவார்.

திடீரென்று நாலு மாதம் கடுதாசி இல்லை. அந்த நேரம் பார்த்து லீவில் வந்த ஒரு ஆள், "அவரு அங்க ஒருத்திய வச்சிருக்காரு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஊர் முழுக்கப் பேச்சு. என் மாமாமார் இரண்டு பேரும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். "நம்ம வீட்டுல கஞ்சிக்கா பஞ்சம்? பிள்ளைகளக் கூட்டிட்டு வந்துரு. நாலு பேர வச்சு தீத்து விட்டுருவோம்" என்றார்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அவுக வரட்டும். மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்காம நான் ஒண்ணையும் முடிக்க மாட்டேன்."

அடுத்த வருஷம் அப்பா வந்தார். அம்மா சாப்பாடு போட்டாள். நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்து, ராத்திரி கேட்டாள். நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதன் பிறகு குடிக்க ஆரம்பித்துவிட்டாராம். ஜெபவீரன் என்று ஊரில் பேர் எடுத்தவர். என்னத்தை எழுதுவது என்று வெட்கப்பட்டு எழுதாமலே விட்டுவிட்டாராம். பெண் யாரும் இல்லை. நாலு மாதமும் அழாத அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அப்பா குடியை விட இன்னும் பல வருஷம் ஆனது. அம்மா அவரோடு சண்டை போட்டாள், உபவாசமும் இருந்தாள். ஆனால் அவள் சண்டை போட்டது அவர் செய்த தப்புக்காக. டீக்கடையில் கேட்ட தப்புக்காக அல்ல. அந்த வித்தியாசம்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது.

1956-ல் நம்முடைய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை அழகாய்ப் பிரித்துக் காட்டியது. பிரிந்து இருப்பது மட்டும் கைவிடுதல் ஆகாது. இனி சேர்ந்து வாழ்வதில்லை என்கிற எண்ணமும் கூட இருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் 2001 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் கைவிட்டிருப்பது ஒரு காரணம். ஆனால் உத்தரவு போட்டு அனுப்பின இடத்தில் வேலை பார்ப்பது கைவிடுதல் ஆகாது. பிசாசானவன் செய்கிற வேலை என்ன தெரியுமா? தூரத்தைக் காட்டி, "பார், கைவிட்டுவிட்டான்" என்று காதில் ஓதுவான். 2007-ல் அமெரிக்கத் தரைப்படையின் ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார்கள். காலெண்டரில் நாளை அடித்துக்கொண்டிருந்த எத்தனை மனைவிமார் உடைந்திருப்பார்கள்! அந்த மூன்று மாதத்தை நீட்டினவன் கணவன் அல்லவே.

யாருக்கு என்ன சொல்கிறேன்

முதலாவது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு. மனைவி ராணுவத்தில் போய், கணவன் வீட்டில் இருக்கிற குடும்பங்களும் அங்கே உண்டு, அவர்களுக்கும் இதுதான். முடிவெடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டீர்களா? மெசேஜில் அனுப்பாதீர்கள், வேறு ஆள் மூலமாய்த் தெரிய விடாதீர்கள். வரும்வரை காத்திருந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். காத்திருக்கவே முடியாது என்றால், அவருடைய யூனிட்டின் சாப்ளினிடம் முதலில் பேசுங்கள். அந்தச் செய்தி வருகிற ராத்திரியில் அவர் தனியாய் இருக்கக் கூடாது. அவர் நம்பிக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து பேங்க் கணக்கைத் துடைக்காதீர்கள். பிள்ளையின் காதில் அப்பாவைப் பற்றிக் கசப்பை ஊற்றாதீர்கள். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் ராணுவ முகாமின் சட்ட உதவி அலுவலகம் மனைவிக்கும் இலவசமாய்ச் சொல்லும். ஆனால் ஒரே அலுவலகம் இரண்டு பேருக்கும் சொல்லாது.

இரண்டாவது, அடிபடுகிற சகோதரிக்கு. உன் வீட்டில் கையோங்குதல் இருக்கிறதா, உயிருக்குப் பயம் இருக்கிறதா? மேலே சொன்ன காத்திருப்பு உனக்கு அல்ல. அவர் தூரத்தில் இருக்கிற இந்தக் காலமே உனக்குத் திறந்த கதவாய் இருக்கலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போ. அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்று குடும்பப் பாதுகாப்புப் பிரிவு உண்டு; அவர் உன் அருகில் வரக்கூடாது என்று உத்தரவு போட அவருடைய அதிகாரிக்கே அதிகாரம் உண்டு. தாவீது சவுலின் ஈட்டிக்கு விலகி ஓடினபோது யாரும் அவனை அவிசுவாசி என்று சொல்லவில்லை. "அடித்தாலும் பொறுத்துக்கொள்" என்று ஒரு போதகர் சொன்னால், அது வசனம் அல்ல, பயம்.

மூன்றாவது, தூரமாய்ப் போன சகோதரருக்கு. உபாகமம் 24:5-ஐ வாசித்துப் பாருங்கள். புதிதாய் விவாகம் பண்ணினவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பாதே என்றார் கர்த்தர். எதற்காக? மனைவியைச் சந்தோஷப்படுத்துவதற்காக! சேனைக்குச் சட்டம் போடும்போதும் தேவன் அடுப்படியை மறக்கவில்லை. நீங்கள் மறக்கலாமா? போன் பண்ணும்போது கணக்கு மட்டும் கேட்காதீர்கள், "நீ எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கத் தரைப்படைக்கு விதியே இருக்கிறது; விதிக்காக அனுப்பாதீர்கள், அன்புக்காக அனுப்புங்கள். சட்டம் தருகிற 90 நாள் நீங்கள் பதில் சொல்வதற்காக, ஒளிந்துகொள்வதற்காக அல்ல. உரியாவின் சீருடையைப் போட்டுக்கொண்டு தாவீதின் வேலையைச் செய்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவனைத் தேடியும் நாத்தான் வருவார்.

நான்காவது, சபைக்கு. ஞாயிற்றுக்கிழமை யுத்தவீரனுக்காக எழுந்து நின்று ஜெபிக்கிறோம். கடைசி பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற அவன் மனைவியிடம், "ராத்திரி ஜுரம் வந்தா எனக்குப் போன் பண்ணும்மா" என்று சொன்னது யார்? யாக்கோபு 2:16 இதைத்தானே கேட்கிறது. வளைகுடாவில் கணவனை வைத்துக்கொண்டு இங்கே தனியாய் இருக்கிற சகோதரிகளும் நம் நடுவே உண்டு. ஒரு வதந்தியைக் கொண்டுபோவதற்கு நமக்கு நேரம் இருக்கிறது. ஒரு குழம்பைக் கொண்டுபோக நேரமில்லை. அந்தப் பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டபோது நான் இரண்டு நிமிஷம் கொடுத்தேன். அதனால் உங்களைச் சொல்லும் முன்னே என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளை என்ன செய்தாள்?

அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரம் அவர் பேசினபோது கணக்கு விஷயத்தை எடுக்குமுன்னே சொன்னாளாம்: "நான் ரொம்ப உடைஞ்சு போயிருக்கேங்க. நீங்க வந்ததும் ஒரு பெரிய விஷயம் பேசணும். அதுவரைக்கும் நீங்களும் யார்கிட்டயாவது பேசுங்க." அவர் அங்கே சாப்ளினைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

அவர் திரும்பி வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. இரண்டு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் எழுத மாட்டேன், அது அவர்களுடையது. வக்கீல் கொடுத்த பேப்பர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைக் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. வாரம் ஒருநாள் சேர்ந்து ஆலோசகரிடம் போகிறார்கள். "பாஸ்டர், என்ன ஆகும்னு தெரியல. ஆனா அவர் முகத்தைப் பார்த்து சொல்லிட்டேன். அவரும் கேட்டார்" என்றாள். இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் பேர் தெரியாத அந்த வீட்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. மத்தேயு முதலாம் அதிகாரம், 6-ம் வசனம். இயேசுவின் வம்ச வரலாறு. சாலொமோனின் தாயைச் சொல்லும்போது பரிசுத்த ஆவியானவர் அவள் பேரை எழுதவில்லை. உரியாவைக் கொண்டே அவளை அடையாளம் காட்டுகிறார். ஆயிரம் வருஷம் கழிந்துவிட்டது! தாவீது கடிதம் எழுதி மறைத்தான், யோவாப் மதிலண்டையில் நிறுத்தி மறைத்தான். ஆனால் தூர தேசத்தில் செத்த அந்தச் சிப்பாயின் பேரை ஆவியானவர் மறக்கவில்லை. தன் குமாரனின் வம்ச அட்டவணையிலேயே எழுதி வைத்தார். பக்கத்தில் இல்லாதவனை மறக்காத தேவன் நம்முடைய தேவன். வீட்டில் தனியாய் விழித்திருக்கிறவளையும் அவர் மறக்கவில்லை.

ஜெபிப்போமா?

பரலோகப் பிதாவே, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழித்திருக்கிற கணவன்மாரையும் மனைவிமாரையும் உம்முடைய கரத்தில் வைக்கிறோம். சொல்ல வேண்டியதை முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் தாரும். கேட்க வேண்டியதைக் கேட்கப் பொறுமை தாரும். அடிபடுகிறவர்களை விடுவியும். எங்கள் நாவுக்குக் காவல் வையும். சேரக்கூடியதைச் சேர்த்துவையும்; உடைந்ததை உம்முடைய வெளிச்சத்தில் நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்